பள்ளி மாணவருக்கு ஒரு தத்துவப் பாடநூல்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கணக்குப் பாடநூல் எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கூட்டலுக்குப் பிறகுதான் பெருக்கல், பின்னத்துக்குப் பிறகுதான் சமன்பாடு என்ற வரிசையில் யாருக்கும் சண்டையில்லை. தத்துவத்தில் அந்த வசதி கிடையாது. எதிலிருந்து தொடங்குவது என்பதிலேயே சண்டை. அறிவு என்றால் என்ன என்று முதலில் கேட்க வேண்டும் என்பார் ஒருவர். எப்படி வாழ்வது என்பதை விட்டுவிட்டு அந்தக் கேள்வி எதற்கு என்பார் இன்னொருவர். முதலில் ஒழுங்காக வாதிடக் கற்றுக்கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பார் மூன்றாமவர். அதனால்தான் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் அறிமுக நூல் தேடப் போனால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே தலைப்பில் வந்து நிற்கின்றன.

அப்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது பொருளடக்கத்தை. பிளேட்டோ இருக்கிறாரா, கான்ட் இருக்கிறாரா, இந்தியத் தத்துவத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டா, பாட முடிவில் கேள்விகள் உண்டா. இத்தனையும் இருந்தும் ஒரு நூல் பயனற்றுப் போகலாம். ஒரு வாதத்தை அது ஒரு பக்கத்துக்குள் எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் தரம் தெரிகிறது என்பது என் எண்ணம். அதைப் பொருளடக்கத்தில் பார்க்க முடியாது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தால்தான் தெரியும்.

மூன்று வகை நூல்கள்

அறிமுக நூல்களில் முதல் வகை வரலாற்று வரிசையில் போகிறது. பழைய கிரேக்கச் சிந்தனையாளர் தேலிஸில் தொடங்கி சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், இடைக்காலத்தைத் தாண்டி தெகார்த், ஹியூம், கான்ட் என்று இருபதாம் நூற்றாண்டில் முடியும். பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு இது பிடிக்கும். வாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துவிடலாம், தேர்வுத்தாள் தயாரிப்பதும் சுலபம். சிக்கல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். "எல்லாம் நீரே என்றார் தேலிஸ்" என்று படிக்கிற மாணவர் சிரிக்கிறார். வேதியியல் வகுப்பிலிருந்து நேரே வந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அடுத்த பத்தியில் அனாக்சிமாண்டர் வேறொன்று சொல்கிறார், அதற்கடுத்து அனாக்சிமெனீஸ் காற்று என்கிறார். பத்து வாரம் கழிந்ததும் மாணவர் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: ஆளாளுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அவரவர் கருத்து அவரவருக்கு. தத்துவ வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை எடுத்துப்போகக் கூடிய மிக மோசமான பாடம் இது.

இது வரலாற்று வரிசையின் குற்றமென்று சொல்ல மாட்டேன். தேலிஸ் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னதால் வந்த வினை. இவ்வளவு வகையாகத் தெரிகிற உலகத்தை, தேவர்களைக் கூப்பிடாமல், ஏதோ ஒரே பொருளைக் கொண்டு விளக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்ததுதான் அவர் செய்த புதுமை. அனாக்சிமாண்டர் அதற்குத் தடை எழுப்புகிறார். அரிஸ்டாட்டில் வழியாக நமக்குக் கிடைக்கும் விளக்கத்தின்படி அது இப்படிப் போகிறது: அடிப்படைகள் ஒன்றுக்கொன்று பகை. காற்று குளிர்ச்சி, நீர் ஈரம், நெருப்பு வெப்பம். இதில் ஒன்று மட்டும் எல்லையற்றுப் பரந்திருந்தால் மற்றவை எப்போதோ அழிந்துபோயிருக்கும். ஆகவே மூலப்பொருள் இவற்றில் எதுவாகவும் இருக்க முடியாது, வரையறுக்கப்படாத வேறொன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் வகுப்பில் சிரிப்பு நின்றுவிடும். ஒருவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடித்து அடுத்தவர் ஒரு படி ஏறியிருக்கிறார் என்பது புரிந்துவிடும். வரலாற்று நூலை எடுத்தால் இந்த இடத்தைப் பாருங்கள். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு "ஆனால்" இருக்கிறதா, அல்லது வெறும் "அடுத்து" தானா?

இரண்டாவது வகை சிக்கல்களை வைத்துப் போகிறது. வெளியுலகம் இருக்கிறது என்று எப்படித் தெரியும், மற்றவர்களுக்கும் மனம் உண்டா, நமக்குச் சுதந்திர விருப்பம் உண்டா, சரி தவறு என்று ஒன்று இருக்கிறதா என்ற மாதிரி. 1912-இல் வந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'தத்துவச் சிக்கல்கள்' இந்த வகைக்குப் பெயர்போனது. ஒரு மேசையைப் பார்த்துக்கொண்டு, இதன் உண்மையான நிறம் எது என்று கேட்டுத் தொடங்குகிறது. முதல் சில அத்தியாயங்களை இன்றைக்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் தைரியமாகக் கொடுக்கலாம். பொதுமைகள், அதாவது 'வெண்மை' போலப் பல பொருள்களுக்குப் பொதுவானவை, பற்றிய அத்தியாயங்களுக்கு வரும்போது பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். நூறு பக்க அளவில் தாமஸ் நேகல் 1987-இல் எழுதிய சிறுநூல் இன்னும் துணிச்சலானது. ஒன்பது சிக்கல்கள், தத்துவவாதிகளின் பெயர்ப் பட்டியலே இல்லாமல், நேரடியாகப் பேச்சு. மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இல்லை. ஆசிரியர்களில் சிலருக்கு அதுவே கலக்கத்தைத் தரும்.

இந்த வகைக்கும் ஒரு குறை உண்டு. கேள்விகள் எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை போலத் தோன்றும். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நெருக்கடியில் இதைக் கேட்டிருக்கிறார், பின்னால் வந்தவர்கள் இருநூறு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்ற உணர்வு வராது. மூலநூல் ஒன்றைக்கூடத் தொடாமலே படிப்பு முடிந்துவிடும்.

மூன்றாவது வகை கதை. 1991-இல் நார்வே மொழியில் வந்து உலகம் முழுக்கப் போன 'சோஃபியின் உலகம்' எல்லோருக்கும் தெரிந்தது. எழுதிய யோஸ்டைன் கார்டர் பள்ளியில் தத்துவம் நடத்தியவர். அந்த நூல் ஆசையைத் தூண்டும், ஆனால் அதன் பாடப் பகுதிகள் கதையை விலக்கிவிட்டுப் பார்த்தால் வரலாற்று வரிசைதான். இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மேத்யூ லிப்மன் சிறுவர்களுக்காக எழுதிய கதைகள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். பகுத்து யோசிக்கும் பழக்கத்தைக் கல்லூரியில் வந்து கற்றுக்கொடுப்பது காலம் கடந்த வேலை என்று நினைத்துப் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 1974-இல் அமெரிக்காவின் மான்ட்கிளேரில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அவருடைய முதல் கதையில் ஒரு பையன் அறிவியல் வகுப்பில் கனவு கண்டுகொண்டிருக்கிறான். நீண்ட வாலோடு சூரியனைச் சுற்றி வருவது எது என்று ஆசிரியர் திடீரென்று கேட்கிறார். எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்று கேட்ட ஞாபகம், ஆகவே "கோள்" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. எங்கே தப்பு நடந்தது என்று அவனே உட்கார்ந்து யோசிக்கிறான். எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றும், ஆனால் சூரியனைச் சுற்றுவதெல்லாம் கோள் ஆகாது. "எல்லா" என்று தொடங்கும் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் மெய் பொய்யாகிவிடுகிறது என்று கண்டுபிடிக்கிறான். வாதத்தின் விதிகளை ஆராயும் அளவையியலின் முதல் பாடம் முடிந்துவிட்டது, அரிஸ்டாட்டில் பெயரே வரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு இதுதான் சரியான உயரம். அந்த வயதில் 'பாடநூல்' என்ற ஒன்றே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். ஒரு கதையும், பேச விடும் ஆசிரியரும் போதும்.

ஒரே தெகார்த், இரண்டு பக்கம்

சரி, வகையைத் தேர்ந்துவிட்டோம். இப்போது பக்கத்தைத் திறக்கலாம். எந்த அறிமுக நூலிலும் தெகார்த் இருப்பார், ஆகவே ஒப்பிட வசதி.

ஒரு மாதிரி நூலில் இப்படி இருக்கும்: தெகார்த் 1596-இல் பிரான்சில் பிறந்தார். நவீனத் தத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். எல்லாவற்றையும் சந்தேகித்தார். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்பது அவரது புகழ்பெற்ற கூற்று. மனமும் உடலும் வேறு என்றார். இவரது கொள்கை இருமைவாதம் எனப்படும். பாட முடிவில் கேள்வி: தெகார்த்தின் புகழ்பெற்ற கூற்று யாது?

இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் மாணவர் யோசிக்க வேண்டிய இடமும் இல்லை. அந்த மனிதர் எதற்காக எல்லாவற்றையும் சந்தேகித்தார், பைத்தியமா என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

வேறொரு நூல் இதையே எப்படி நடத்தலாம் என்று பாருங்கள். கண்ணும் காதும் எப்போதாவது ஏமாற்றியிருக்கின்றனவா? ஆமாம், தொலைவில் இருக்கும் கோபுரம் உருண்டையாகத் தெரிந்தது, பக்கத்தில் போனால் சதுரம். அப்படியானால் புலன்களை நம்பக் கூடாதா? கொஞ்சம் பொறுங்கள், தொலைவில் இருப்பதில்தான் ஏமாந்தோம், கையில் பிடித்திருக்கும் தாளிலுமா ஏமாறுவோம்? ஏன், கனவிலும் கையில் தாள் இருந்ததே. சரி, கனவென்றே வைத்துக்கொள்வோம். கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே? ஒரு சூழ்ச்சிக்கார ஆவி ஒவ்வொரு கூட்டலிலும் நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தால்? அப்படி ஏமாற்றினால்கூட, ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும்.

1641-இல் வந்த 'தியானங்கள்' நூலின் தொடக்கம் ஏறக்குறைய இப்படித்தான் நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் தெகார்த்தே தனக்கு எதிர்க்கட்சி வக்கீலாக நிற்கிறார். இந்த ஏற்றத்தை மாணவர் கூடவே ஏற வேண்டும், எந்தப் படியில் தான் நின்றுவிடுவார் என்று சொல்ல வேண்டும். பிறகு நூல் அங்கேயே முடித்துக்கொள்ளக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லிஷ்டன்பெர்க் எழுப்பிய தடை ஒன்று உண்டு: 'சிந்தனை நடக்கிறது' என்பது வரை சரி, அதற்குள் ஒரு 'நான்' எங்கிருந்து வந்தது? பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643-இல் தெகார்த்துக்கே கடிதம் எழுதிக் கேட்டது இன்னொன்று: உடலும் பரிமாணமும் இல்லாத மனம் ஓர் உடலை எப்படி அசைக்கும்? தெகார்த் அளித்த பதில்கள் அவளுக்குத் திருப்தி தரவில்லை. ஒரு பெரிய தத்துவவாதியைக் கேள்வி கேட்டுத் திணறவைக்கலாம் என்று பதினாறு வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்ல விஷயம்!

முதல் மாதிரிப் பக்கம் பத்து வரி. இரண்டாவது குறைந்தது நான்கு பக்கம். ஆகவே நூறு பக்க நூலில் நாற்பது தத்துவவாதிகள் இருந்தால் அது எந்த மாதிரியாக இருக்கும் என்று திறக்காமலே கணக்குப் போட்டுவிடலாம். பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சின்னச் சின்னத் தவறுகளும் நூலாசிரியரைக் காட்டிக்கொடுக்கும். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே' என்ற வாக்கியம் 'தியானங்கள்' நூலில் அந்த வடிவில் இல்லை. 1637-இல் வந்த வேறொரு நூலில் பிரெஞ்சில் வருகிறது. 'தியானங்கள்' சொல்வது 'நான் இருக்கிறேன்' என்பது, அதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மெய்யாக இருக்கிறது என்று. ஹெகலின் முறை 'கருத்து, எதிர்க்கருத்து, இணைப்பு' என்று கட்டம் போட்டுக் காட்டும் நூல்களும் ஏராளம். அந்த மூன்று சொல் சூத்திரத்தைத் தன் முறைக்குப் பெயராக ஹெகல் வைத்துக்கொள்ளவில்லை. 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்பது வால்டேர் வாய்மொழியாகவே உலவுகிறது. 1906-இல் வால்டேரைப் பற்றி எழுதிய ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்பவர், வால்டேரின் மனநிலையை விளக்கத் தானே அமைத்த வாக்கியம் அது. ஒன்றிரண்டு இப்படி இருந்தால் மன்னிக்கலாம். மூன்றுமே இருந்தால் ஆசிரியர் மூலநூல் பக்கம் போகாமல் வேறு பாடநூல்களைப் பார்த்தே எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதவரை எப்படி எழுதுகிறார்?

நூலாசிரியர் தான் ஏற்றுக்கொள்ளாத ஒரு தரப்பை எப்படி எழுதியிருக்கிறார் என்பது நான் பெரிதும் நம்பும் சோதனை. எபிகூரஸ் என்றால் சுகபோகி, பழைய கிரேக்க ஆசிரியர்களான சோஃபிஸ்டுகள் என்றால் காசுக்கு வாதிட்டவர்கள், அதிக நன்மை தருவதே சரி என்னும் பயன்வாதிகள் என்றால் பெரும்பான்மைக்காகச் சிறுபான்மையைப் பலியிடத் தயங்காதவர்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தால் நூலை மூடிவிடலாம். எபிகூரஸ் பரிந்துரைத்தது எளிய வாழ்க்கையை. மெனோசியஸுக்கு எழுதிய அவருடைய கடிதம் சில பக்கம்தான், அதையே மாணவர் கையில் கொடுத்துவிடலாம்.

சார்வாகர்கள், அதாவது கண்ணால் காணும் உலகத்தையே ஏற்ற பழைய இந்திய உலகாயதர்கள், இந்தச் சோதனைக்கு இன்னும் பொருத்தமானவர்கள். 'கடன் வாங்கியாவது நெய் குடி' என்ற வரியோடு அவர்களை முடித்துவிடுவது வழக்கம். அவர்களுடைய சூத்திர நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை, பெரும்பகுதி எதிராளிகள் எழுதிய சுருக்கம் வழியாகத்தான் தெரியும் என்பதை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன? அந்தச் சுருக்கங்களிலேயே அருமையான வாதம் ஒன்று இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்கிறோம். புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்ற பொது விதி தெரிந்தால்தான் இது செல்லும். அந்த விதி எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்தா? எல்லாப் புகையையும் யாரும் பார்த்ததில்லை, நாளைய புகையைப் பார்க்கவே முடியாது. அனுமானத்தாலா? அனுமானத்தை நிறுவ இன்னோர் அனுமானமென்றால் வட்டமடிக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹியூம் எழுப்பிய கேள்வியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டையும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவையியலை வளர்த்த இந்தியத் தத்துவப் பிரிவான நியாய மரபினர் சார்வாகருக்கு அளித்த பதிலையும் சேர்த்துக் கொடுக்கும் நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பல நூல்களில் இந்தியா, சீனா எல்லாம் கடைசி அத்தியாயத்தில் ஒன்றாகத் தள்ளப்பட்டிருக்கும். அங்கேயும் மோட்சம், தியானம், கர்மா என்றே பேச்சு போகும், நியாயத்தின் அளவையியல் தலைகாட்டாது. இதற்கு மாற்று, இன்னும் இரண்டு அத்தியாயம் கூட்டுவது அல்ல. ஒரே கேள்விக்குள் எல்லோரையும் கொண்டுவருவதுதான். பலகை பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று புளூட்டார்க் வழியாக வரும் புதிர், அச்சாணியா தேர், சக்கரமா தேர் என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் கேட்பது, தனக்குள் தேடியபோது உணர்வுகள்தான் கிடைத்தன, 'நான்' கிடைக்கவில்லை என்று ஹியூம் சொல்வது, மூன்றும் ஒரே பாடத்தில் உட்கார வேண்டியவை.

தமிழில் படிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சில வாசல்கள் உண்டு. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் பல சமயவாதிகளைத் தேடிப்போய் 'உன் கொள்கை என்ன' என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். 29-ஆம் காதையில் வாதத்தின் உறுப்புகளும் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று வாதப் பிழைகளின் வகைகளும் வருகின்றன. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிற கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில், உலகாயதனில் தொடங்கி எதிர்த்தரப்புகளை வரிசையாக எடுத்து, முதலில் அவர்கள் சொல்வது என்ன, பிறகு மறுப்பு என்ன என்று போகிறது. நோக்கம் மறுப்பதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் எதிராளிக்கு முதலில் பேச இடம் கொடுக்கும் அந்த ஒழுங்கை இன்றைய பாடநூல்களில் பாதி கடைப்பிடிப்பதில்லை.

பாட முடிவில் வரும் கேள்விகள்

'யார் சொன்னார்' வகைக் கேள்வி மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாக வரும் 'இதைப் பற்றி உன் கருத்து என்ன?' என்பதும் அதே அளவு மோசம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பதிலும் சரியாகிவிடும் கேள்வி அது. மாணவர் நாலு வரி எழுதுவார், ஆசிரியர் 'நன்று' போடுவார்.

நல்ல கேள்வி வாதத்தின் ஒரு மூட்டைப் பிடித்து அசைக்கும். பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் கிளாக்கன் சொல்லும் கைஜீஸ் மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். அணிந்தால் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகலாம். அப்படி ஒரு மோதிரம் நல்லவன் கையிலும் கெட்டவன் கையிலும் கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்வார்கள் என்கிறார் கிளாக்கன். 'நீ என்ன செய்வாய்?' என்று கேட்டால் வகுப்பில் கொஞ்ச நேரம் கலகலப்பு, அவ்வளவுதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மோதிரம் கிடைத்தும் திருடாத ஒரே ஒரு ஆளை நீ காட்டிவிட்டால் கிளாக்கனின் வாதம் உடைந்துவிடுமா? உடைந்துவிடும் என்பார் ஒருவர். இல்லை, அவன் பழக்க தோஷத்தால் திருடாமல் இருந்திருக்கலாம் என்பார் இன்னொருவர். அப்படியானால் எல்லோருமே திருடுவார்கள் என்றே வைத்துக்கொள், திருடுவது சரியென்று ஆகிவிடுமா? ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் வேறு வேறு என்பது அங்கேதான் வெளியே வரும், அதுவும் மாணவர் வாயிலிருந்தே. இரண்டு கேள்வி, ஒரு வகுப்பு.

டிராம் வண்டிப் புதிருக்கு நடந்த கதியையும் சொல்ல வேண்டும். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவர் மேல் வண்டியைத் திருப்பலாமா என்று கேட்டு, கை தூக்கச் சொல்லி எண்ணி, அடுத்த பக்கம் போய்விடும் நூல்கள் நிறைய. 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் இதை முன்வைத்தபோது பக்கத்திலேயே இன்னொரு காட்சியையும் வைத்தார். கலவரத்தில் ஐந்து பேர் சாகாமல் தடுக்க, நிரபராதி ஒருவருக்கு நீதிபதி வேண்டுமென்றே தண்டனை கொடுக்கிறார். இங்கேயும் ஐந்துக்கு ஒன்றுதான். அங்கே தலையாட்டும் நாம் இங்கே ஏன் தயங்குகிறோம்? அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவதுதான் வேலை. இரண்டாவது காட்சி இல்லாத நூலில் புதிர் வெறும் வாக்கெடுப்பு.

மூலநூல் எவ்வளவு?

ஒரு பாடத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். பிளேட்டோவின் சிறிய உரையாடல்கள் கைகொடுக்கும்: தேவர்கள் விரும்புவதால் ஒன்று புனிதமா, புனிதமாக இருப்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா என்று யூத்திஃப்ரோவில் வரும் இடம், மீனோவில் அடிமைச் சிறுவன் வடிவியல் கணக்குப் போடும் இடம். கான்ட்டின் பெரிய நூல்களிலிருந்து அரைப் பக்கம் வெட்டி ஒட்டுவதில் பயனில்லை, அந்த அரைப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் உரை வேண்டியிருக்கும். பதினேழு வயதுக்காரர்களுக்கு ஓர் ஆச்சரியமும் தரலாம். ஒன்றை அறிவது என்றால், அது உண்மையாகவும், நாம் நம்புவதாகவும், நம்பத் தகுந்த காரணம் உள்ளதாகவும் இருப்பது என்ற பழைய வரையறையை எட்மண்ட் கெட்டியர் 1963-இல் மூன்று பக்கக் கட்டுரையில் ஆட்டம் காண வைத்தார். அதை முழுசாகவே வாசித்துவிடலாம்.

தேர்வு எப்படி என்பதும் நூலைத் தீர்மானிக்கும். பிரான்சில் பள்ளியின் கடைசி வருடத்தில் தத்துவம் உண்டு. தேர்வு நான்கு மணி நேரம். ஒரு கேள்வியை எடுத்துக் கட்டுரை எழுதலாம், அல்லது கொடுத்த மூலப்பகுதியை விளக்கலாம். பொதுப்பிரிவுப் பாடத்திட்டம் கலை, மகிழ்ச்சி, கடமை, அரசு, நீதி, மொழி, காலம், உண்மை என்று 17 கருத்துகளை வரிசைப்படுத்தி, கூடவே வாசிக்கத்தக்க தத்துவவாதிகளின் பட்டியலையும் தருகிறது. அதனால் அங்கே கருத்து வாரியாக மூலப்பகுதிகளைத் தொகுத்த நூல்கள் பொருந்துகின்றன. ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கொண்ட தேர்வுக்கு அப்படிப்பட்ட நூலை வைத்தால் மாணவர்கள் வழிகாட்டிக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு நூலை ஓரம் கட்டிவிடுவார்கள். முடிந்தால் தேர்வை மாற்றுங்கள், முடியாவிட்டால் தேர்வுக்கு வெளியே வாரம் ஒரு மணி நேரத்தைப் பிடியுங்கள்.

ஆசிரியர் கையேடு உண்டா என்று கேளுங்கள். மொழியோ வரலாறோ நடத்துகிறவர் தலையில்தான் இந்தப் பாடம் பெரும்பாலும் வந்து விழுகிறது. அவருக்கு விடைகள் தரும் கையேட்டைவிட, 'மாணவர்கள் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள், அப்போது இதைக் கேளுங்கள்' என்று எழுதிய கையேடு நூறு மடங்கு உதவும். பொருட்சுட்டி, கலைச்சொல் பட்டியல், படங்கள் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது.

அட்டையில் 'தத்துவம் படித்தால் மதிப்பெண் கூடும்' என்ற வகை வாக்குறுதி இருந்தால் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் தத்துவ உரையாடல் நடத்திப் பார்த்த ஆய்வு ஒன்று, 48 பள்ளிகளைக் கொண்டு, 2015-இல் வெளிவந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னது. இன்னும் அதிகப் பள்ளிகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில் வாசிப்பில் அந்தப் பலன் தென்படவில்லை. மூளை ஆராய்ச்சியைக் காட்டும் பக்கங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கையை அசைக்க வேண்டும் என்று நாம் உணர்வதற்கு முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் தெரிகிறது என்று பெஞ்சமின் லிபெட் 1983-இல் காட்டியதை, 'சுதந்திர விருப்பம் இல்லையென்று அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று எழுதும் நூல்கள் உண்டு. அந்த மின்மாற்றம் முடிவெடுப்பதைத்தான் குறிக்கிறதா என்று பின்னால் எழுந்த தடைகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கும் ஒரே நூல் கிடைப்பது சிரமம். நடைமுறையில் சரிப்படுவது இதுதான்: பதினான்கு, பதினைந்து வயதுக்கு மெல்லிய சிக்கல்வழி நூல் ஒன்று, கூடவே ஆசிரியர் சேர்த்த எட்டுப் பத்து மூலப்பகுதிகள். வரலாற்று நூலை நூலகத்தில் வைத்து, பெயர் வரும்போது புரட்டச் சொல்லலாம். பதினாறு, பதினேழு வயதில் அதையே முக்கிய நூலாக்கலாம். இரண்டு நூல்களுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் தவித்தால், இரண்டிலும் சுதந்திர விருப்பம் பற்றிய பக்கங்களை மட்டும் நகலெடுத்து, நூலின் பெயரைச் சொல்லாமல் நாலைந்து மாணவர்களிடம் கொடுங்கள். எதைப் படித்தார்கள் என்று கேட்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, எந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்குள் வாக்குவாதம் கிளம்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்தப் பக்கம் உள்ள நூலை வாங்கலாம்.